மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நீரஜ் சோப்ராவின் 87.58 மீட்டர் எறிதலைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸை “ஊரே வேண்டாம் என்று சொல்லியும் நடந்த கல்யாணம்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு வரி சேர்த்தே எழுதியிருப்பேன். பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் நல்ல கேள்வியாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் முழுக்க 2021 டோக்கியோதான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஊரே வேண்டாம் என்றதா? ஜப்பான் 27 தங்கம் வாங்கிய போட்டி அது. எதை வைத்து அப்படி எழுதினீர்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

கருத்துக்கணிப்பை வைத்துத்தான் ஐயா. 2021 மே மாதம் ‘அசாஹி ஷிம்பன்’ நாளிதழ் எடுத்த கணிப்பில் 43 சதவீதம் பேர் ரத்து செய்யுங்கள் என்றார்கள், 40 சதவீதம் பேர் இன்னொரு முறை தள்ளிப்போடுங்கள் என்றார்கள். கூட்டிப் பாருங்கள். அதே மாதம் டோக்கியோவில் 6,000 டாக்டர்கள் உறுப்பினர்களாக இருக்கும் சங்கம், ஆஸ்பத்திரிகளில் இடமில்லை, நிறுத்துங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதியது. இணையத்தில் ரத்து கோரும் மனுவில் சில நாட்களிலேயே மூன்றரை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த அசாஹி பத்திரிகையே போட்டியின் ஸ்பான்சர்களில் ஒன்று. பணமும் கொடுத்துவிட்டு, மே 26-ஆம் தேதி தலையங்கத்தில் ரத்து செய்யுங்கள் என்று எழுதியது. டொயோட்டா இன்னும் பெரிய ஸ்பான்சர். போட்டி தொடங்க நாலு நாள் இருக்கும்போது, ஜப்பானில் ஒலிம்பிக்ஸ் சம்பந்தமான டிவி விளம்பரம் எதுவும் போடப்போவதில்லை, எங்கள் தலைவர் தொடக்க விழாவுக்கு வரமாட்டார் என்று சொல்லிவிட்டது. மொய் எழுதியவரே பந்தலுக்கு வர வெட்கப்படுகிறார் என்றால் வேறு என்ன சொல்வது.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தொடக்க விழாவை டோக்கியோ வட்டாரத்தில் 56.4 சதவீத வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். கல்யாணமே வேண்டாம் என்று சண்டை போட்ட பெரியப்பா நாதஸ்வரச் சத்தம் கேட்டதும் சட்டை மாட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவார் இல்லையா, அந்தக் கதைதான். பார்த்தார்கள் என்பதற்காக முன்பு சம்மதித்தார்கள் என்று ஆகாது.

கேள்வி: இத்தனை எதிர்ப்பு இருந்தும் ஜப்பான் பிரதமர் ஏன் நிறுத்தவில்லை? அவருக்கு அவ்வளவு பிடிவாதமா? (திருநெல்வேலி வாசகி)

எனக்கு வந்ததிலேயே சரியான கேள்வி இதுதான் அம்மா. பிரதமர் சுகாவுக்குப் பிடிவாதமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை.

ஒலிம்பிக்ஸை நடத்த ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்ததும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்த நகரத்தோடு ஒரு ஒப்பந்தம் போடுகிறது. போட்டியை ரத்து செய்யும் உரிமை அதில் கமிட்டிக்கு மட்டும்தான். போர், கலவரம், வீரர்களின் உயிருக்கு ஆபத்து என்று காரணங்கள் போட்டிருக்கின்றன, ஆனால் அந்த ஆபத்து வந்துவிட்டதா என்று தீர்மானிப்பதும் கமிட்டிதான். டோக்கியோ தானாக விலகினால் நஷ்டம் டோக்கியோ தலையில். 2021 மே மாதத்தில் கமிட்டியின் துணைத் தலைவர் ஜான் கோட்ஸிடம், டோக்கியோவில் கொரோனா அவசரநிலை இருந்தாலும் போட்டி நடக்குமா என்று கேட்டார்கள். நிச்சயமாக நடக்கும் என்றார். அவர் இருந்தது ஆஸ்திரேலியாவில். காய்ச்சல் வரப்போவது டோக்கியோவில்.

சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன், அப்போதுதான் புரியும். அதே 2021 மே மாதம் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். 600 பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஊரடங்கு வந்து 50 பேருக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, தள்ளிப்போடலாம் என்று பெண்ணின் அப்பா மண்டபத்துக்குப் போனார். மண்டபக்காரர் ரசீதைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். ரத்து செய்தால் முன்பணம் கிடையாது, தேதி மாற்றினால் புது வாடகை. அந்த மனிதர் வீட்டுக்கு வந்து சொன்ன முதல் வாக்கியம், “எப்படியாவது இதே தேதியில் முடித்துவிடுவோம்.” காலையில் “உயிர்தான் முக்கியம்” என்று சொன்ன அதே மனிதர். சமையல்காரருக்குச் சொன்ன கணக்கைக் குறைக்க யாருக்கும் நினைவில்லாமல், மறுநாள் தெருவுக்கே சாம்பார் சாதம் வாளி வாளியாகப் போனது.

டோக்கியோவில் அந்த முன்பணம் எவ்வளவு தெரியுமா? 2013-ல் போட்டியைக் கேட்டு வாங்கியபோது போட்ட கணக்கு சுமார் 73 ஆயிரம் கோடி யென். ஒரு வருடம் தள்ளிப்போனதும் சேர்ந்து, கடைசியில் அமைப்புக் குழு காட்டிய கணக்கு 1 லட்சத்து 42 ஆயிரம் கோடி யென். கிட்டத்தட்ட இரட்டிப்பு. கமிட்டியின் வருமானத்தில் பெரும்பகுதி டிவி உரிமையில் இருந்து வருகிறது. அமெரிக்காவின் என்பிசி நிறுவனம் 2014 முதல் 2020 வரையிலான நாலு ஒலிம்பிக்ஸுக்கு மட்டும் 438 கோடி டாலர் பேசியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, டிவிக்காரருக்கு அரங்கில் கூட்டம் தேவையில்லை, ஓட்டம் நடந்தால் போதும். டிக்கெட் பணம் போனால் போனது ஜப்பான்காரருக்கு, சுமார் 9 ஆயிரம் கோடி யென் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆக, காலி அரங்கில் நடத்தினால் கமிட்டிக்கு வரவேண்டியது வந்துவிடும், நகரத்துக்கு வரவேண்டியது வராது. ரத்து செய்தால் இருவருக்கும் இல்லை. இந்தக் கணக்கு தெரிந்த பிறகு ஏன் நடந்தது என்ற கேள்விக்கே இடமில்லை.

இதே இடத்தில் விம்பிள்டன்காரர்களையும் சொல்ல வேண்டும். அவர்கள் கொள்ளைநோய்க்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்து வருடா வருடம் பிரீமியம் கட்டி வந்தவர்கள். 2020-ல் வைரஸ் வந்தது, “இந்த வருடம் இல்லை” என்று அறிவித்துவிட்டு இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கும் கையில் காசு இருக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: நடந்தது 2021-ல். பெயர் மட்டும் ஏன் ‘டோக்கியோ 2020’? என் பையன் கேட்கிறான், பதில் தெரியவில்லை. (கோவை வாசகர்)

பதக்கம், பேனர், பொம்மை, பனியன் எல்லாம் அடித்தாகிவிட்டது என்று பையனிடம் சொல்லுங்கள். பதக்கங்களே ஒரு தனிக் கதை. ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய செல்போன்கள் 62 லட்சம், அதோடு மற்ற பழைய மின்சாதனங்கள், இவற்றைப் பிரித்து எடுத்த தங்கம், வெள்ளி, வெண்கலத்தில் செய்தவை. அதில் வருடத்தை மாற்றச் சொன்னால் யார் கேட்பார்கள்.

கேள்வி: வீரர்கள் ‘நெருங்கிப் பழகக் கூடாது’ என்பதற்காகவே அட்டைக் கட்டில் போட்டார்களாமே, உண்மையா? (சிரிக்காமல் பதில் சொல்லவும்.) (பெயர் வேண்டாம் என்ற சென்னை வாசகர்)

சிரிக்காமல் சொல்கிறேன். பொய். அட்டைக் கட்டில் கொரோனாவுக்கு முன்பே முடிவானது, போட்டி முடிந்ததும் மறுசுழற்சிக்கு அனுப்ப வசதி என்பதற்காக. 200 கிலோ தாங்கும். அயர்லாந்து ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் ரீஸ் மெக்லனகன் அதன் மேல் குதித்துக் குதித்து வீடியோ போட்டு, வதந்தி என்று நிரூபித்தார். அப்புறம் இஸ்ரேல் பேஸ்பால் வீரர்கள் ஒவ்வொருவராக ஏறி ஒரு கட்டிலைச் சோதித்தார்கள், ஒன்பதாவது ஆளோடு கட்டில் போயே போய்விட்டது. ஒன்பது பேர் ஏறினால் தேக்குக் கட்டிலே முனகும்.

கேள்வி: நான் மருத்துவத் துறையில் இருப்பவள். போட்டியால் நோய் பரவியதா இல்லையா என்று நேராகச் சொல்லுங்கள். “பரவவே இல்லை” என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள், டோக்கியோவில் தினசரி எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. எதை நம்புவது? (மதுரை வாசகி)

இரண்டும் உண்மை என்பதுதான் தொல்லை.

முதலில் உள்ளே நடந்ததைப் பார்ப்போம். விளையாட்டு கிராமத்தில் இருந்தவர்கள் தினமும் காலையில் ஒரு சின்னக் குப்பியில் எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் இருபுறமும் கண்ணாடி போலத் தடுப்பு. போட்டிக்கு ஐந்து நாளுக்கு மேல் முன்கூட்டி வரக் கூடாது, முடிந்ததும் 48 மணி நேரத்தில் கிளம்பிவிட வேண்டும். பதக்கத்தைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள், வென்றவரே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். (அதிலும் கூடச் சேர்ந்து ஜெயித்தவர்கள் ஒருவருக்கு ஒருவர் மாட்டிவிட்டு அழகு பார்த்தார்கள், யாரும் தடுக்கவில்லை.) 6 லட்சத்துக்கும் மேல் சோதனை செய்ததில் தொற்று இருந்தது 0.02 சதவீதம். போட்டி சம்பந்தப்பட்டவர்களில் 400-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது, அதில் பெரும்பகுதி ஜப்பானிலேயே இருந்த ஊழியர்களும் ஒப்பந்த வேலைக்காரர்களும்தான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து கொட்டிவிட்டுப் போவார்கள் என்று பயந்தது நடக்கவில்லை. அந்த வகையில் அமைப்பாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி வெளியே. தொடக்க நாளான ஜூலை 23 அன்று டோக்கியோவில் 1,359 பேருக்குத் தொற்று. ஆகஸ்ட் 5-ல் 5,042. ஆகஸ்ட் 13-ல் 5,773. டெல்டா வகைக் கொரோனா ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது, போட்டியே இல்லாவிட்டாலும் ஏறியிருக்கும், ஏனென்றால் அப்போது ஜப்பானில் இரண்டு ஊசியும் போட்டவர்கள் கால்வாசி அளவுதான். எனவே ‘ஒலிம்பிக்ஸ் கொண்டுவந்த அலை’ என்று நான் எழுத மாட்டேன், அப்படிப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நான் சொல்வது வேறு. அரசாங்கத்தின் வாயில் இருந்து அப்போது இரண்டு வாக்கியம் வந்துகொண்டிருந்தது. ஒன்று, வெளியே போகாதீர்கள், ஓட்டலில் சாராயம் கிடையாது, எட்டு மணிக்குக் கடையை மூடுங்கள். இன்னொன்று, உலகமே இங்கே வருகிறது, பெருமைப்படுங்கள். நம் வீட்டிலேயே பாருங்கள், பரீட்சை நேரத்தில் பையனைப் படி படி என்று சொல்லிவிட்டு அப்பா ஹாலில் கிரிக்கெட் போட்டால் எந்த வாக்கியம் ஜெயிக்கும்?

அரசின் மருத்துவ ஆலோசகர் ஷிகெரு ஓமி ஜூன் மாதமே நாடாளுமன்றத்தில், இந்த நிலையில் ஒலிம்பிக்ஸ் நடத்துவது சாதாரணமாக யோசித்தால் நடக்கக்கூடிய காரியம் அல்ல என்று சொல்லிவிட்டார். ஆகஸ்ட் தொடக்கத்தில் படுக்கைப் பற்றாக்குறை வந்து, தீவிரமானவர்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரி, மற்றவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. நிறைவு விழா முடிந்து ஒன்பதாம் நாள், டோக்கியோவை ஒட்டிய சிபா மாகாணத்தில் தொற்று இருந்த ஒரு கர்ப்பிணிக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் இடம் கிடைக்காமல் வீட்டிலேயே குறைமாதப் பிரசவம் ஆகி, குழந்தை இறந்துபோனது. இதை ஒலிம்பிக்ஸ் கணக்கில் எழுதுவதா வேண்டாமா என்று உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது, 0.02 சதவீதம் என்று பெருமையாகச் சொன்ன கணக்கில் அந்தக் குழந்தை வராது, ஏனென்றால் அந்தக் கணக்கு வேலிக்கு உள்ளே எடுத்தது.

நிறைவு விழாவுக்கு மறுநாள் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக் டோக்கியோவின் ஆடம்பரக் கடைத்தெருவான கின்சாவில் உலாத்திக்கொண்டிருந்த படம் வெளியானது. ஊர் மக்களுக்கு அவசியமில்லாமல் வெளியே வராதே என்று உத்தரவு. கேட்டதற்கு, அவசியமா இல்லையா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் ஒலிம்பிக்ஸ் துறை அமைச்சர். பாராலிம்பிக்ஸ் தொடக்கத்துக்கு பாக் திரும்பவும் வந்தபோது, மக்களை வீட்டில் இருந்து வேலை செய்யச் சொல்கிறோம், இவர் ஏன் நேரில் வர வேண்டும் என்று ஓமி கேட்டார். அரசாங்க ஆலோசகர் ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கேள்வி: பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்களே, அதையாவது பாராட்டக் கூடாதா? ஐரோப்பாவில் கால்பந்து நடத்தியவர்களைவிட மேல்தானே? (புதுச்சேரி வாசகர்)

மேல்தான், சந்தேகமே இல்லை. 2020 பிப்ரவரி 19 அன்று மிலான் அரங்கில் அட்டலாண்டா–வாலென்சியா ஆட்டத்துக்கு, அட்டலாண்டாவின் சொந்த ஊரான பெர்காமோவில் இருந்து சுமார் 40 ஆயிரம் பேர் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் கட்டிப்பிடித்துக் கொண்டாடிவிட்டு வந்தார்கள். அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது, குற்றம் சொல்ல முடியாது. ஒரே மாதத்தில் அந்த ஊர்ச் சுடுகாட்டில் இடமில்லாமல் ராணுவ லாரிகளில் சவப்பெட்டிகள் போயின. ஆனால் 2021 ஜூனில் எல்லாம் தெரியும். தெரிந்தும் யூரோ கோப்பையைப் பதினோரு நகரங்களில் கூட்டத்தோடு நடத்தினார்கள். ஸ்காட்லாந்தில் மட்டும் அந்த ஆட்டங்களைப் பார்க்கப் போனதோடு தொடர்புடையவை என்று கிட்டத்தட்ட 2,000 தொற்றுகளைப் பட்டியல் போட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு பேர் லண்டன் போய் வந்தவர்கள். விளையாடியவர்களிடமிருந்து வந்ததைவிட, பார்க்கப் போன வழியிலும் மது விடுதியிலும் வந்ததுதான் அதிகம் இருக்கும்.

டோக்கியோவும் உடனே அந்த முடிவுக்கு வந்துவிடவில்லை. ஜூன் 21-ல் 10,000 பேர் வரை உள்ளூர்க்காரர்களை விடலாம் என்றார்கள். ஜூலை 8-ல், இரண்டு வாரம் இருக்கும்போது, யாரும் வேண்டாம் என்றார்கள். அந்த இழுபறியின் மிச்சம் குப்பைத் தொட்டியில் தெரிந்தது. தன்னார்வலர்களுக்கு முன்பே சொல்லிவைத்த பெட்டிச் சாப்பாட்டை நிறுத்தவில்லை, ஒரே மாதத்தில் 20 அரங்குகளில் இருந்து மட்டும் 1 லட்சத்து 30 ஆயிரம் பொட்டலம் வீணாகப் போனது. எங்கள் கல்யாணச் சாம்பார் சாதமாவது தெருக்காரர் வயிற்றுக்குப் போனது.

கேள்வி: ஜப்பானைக் குறை சொல்வது இருக்கட்டும், நம் ஐபிஎல்லை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? (ஈரோடு வாசகர்)

சொல்கிறேன், தாராளமாக. 2021 ஏப்ரலில் டெல்லியில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசை, அதே டெல்லியில் விளக்குப் போட்டு ஆட்டம். நாட்டில் ஒரு நாளைக்கு 4 லட்சம் பேர் என்று எண்ணிக்கை போன வாரத்திலும் நிறுத்தவில்லை. ஏப்ரல் 25 இரவு சேப்பாக்கத்தில் சூப்பர் ஓவர் வரை போன ஆட்டம் முடிந்ததும், குடும்பம் நோயோடு போராடுகிறது என்று சொல்லிவிட்டு அஷ்வின் விலகிப் போனார். நின்றது எப்போது? வீரர்களை வெளியாட்கள் அண்டாமல் பிரித்துவைத்த ‘பபுளுக்கு’ உள்ளேயே வைரஸ் வந்தபோது. கொல்கத்தா அணியின் வருண் சக்ரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் வந்து, மறுநாளே மற்ற அணிகளிலும் வந்து, மே 4 அன்று கடையைக் கட்டினார்கள். சிஎஸ்கேயின் பயிற்சியாளர்கள் ஹஸ்ஸியையும் பாலாஜியையும் டெல்லியில் இருந்து ஏர் ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் டெல்லிக்காரருக்குச் சாதாரண ஆம்புலன்ஸே கிடைக்கவில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஐபிஎல் நம் ஊர் வாரியத்தின் சரக்கு, நிறுத்துவதும் வேறு நாட்டுக்கு மாற்றுவதும் அவர்கள் இஷ்டம். மீதியை துபாய் பக்கம் கொண்டுபோய் செப்டம்பர், அக்டோபரில் முடித்தார்கள், கோப்பையும் சென்னைக்கு வந்தது. டோக்கியோவுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. எனக்கும் போட்டியே நடந்திருக்கக் கூடாது என்ற வாதம் கிடையாது ஐயா. நடத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற நாற்காலி, நோய் வரப்போகிற ஊரில் போடப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஜெயித்தவர்களை எல்லோரும் எழுதுகிறீர்கள். சோதனையில் மாட்டிக்கொண்டவர்கள்? (நாகர்கோவில் வாசகி)

அமெரிக்கப் போல்வால்ட் (கம்பு ஊன்றித் தாண்டும்) வீரர் சாம் கென்ட்ரிக்ஸ், இரண்டு முறை உலக சாம்பியன், டோக்கியோ வரை வந்துவிட்டு ஜூலை 29-ல் சோதனை முடிவோடு பெட்டியைக் கட்டினார். கிரீஸ் நாட்டின் நீர் நடன அணி மொத்தமாக வெளியேறியது. நெதர்லாந்தின் ஸ்கேட்போர்டு வீராங்கனை கேண்டி ஜேக்கப்ஸை அடைத்துவைத்த ஓட்டல் அறையில் ஜன்னல் திறக்காது. பல மணி நேரம் அடம்பிடித்து நின்ற பிறகு, திறந்த ஜன்னல் ஒன்றின் முன்னால் காவலோடு 15 நிமிடம் நிற்கவிட்டார்கள். நாலைந்து வருட உழைப்பின் முடிவில் கிடைத்தது அந்தக் காற்றுதான். நம் அணிக்கும் தனி விதி போட்டார்கள், கிளம்பும் முன் ஏழு நாள் தினமும் சோதனை, இறங்கிய பிறகு மூன்று நாள் வேறு நாட்டினரோடு பழகக் கூடாது என்று. டெல்டா இங்கிருந்து போனது என்ற பயம். இந்திய ஒலிம்பிக் சங்கம் சத்தம் போட்டது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக்ஸில் கொடி பிடிக்கப்போகிறார் என்று டிவி முன் உட்கார்ந்தோம். வேறு ஒருவர் பிடித்து வந்தார். ஏன் என்று இன்றுவரை முழுதாகத் தெரியாது. (சேலம் வாசகர்)

டோக்கியோ போன விமானத்தில் அவரோடு பயணம் செய்த வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குத் தொற்று இருந்தது. ‘நெருங்கிய தொடர்பு’ பட்டியலில் மாரியப்பன் பெயரும் வந்துவிட்டது. அவருக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் விதி விதிதான். ஆகஸ்ட் 24 அன்று கொடியைத் தேக் சந்த் பிடித்தார். மாரியப்பன் தனிமையில்.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 31-ல் உயரம் தாண்டும் போட்டி. ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். அன்று மாலை தூறல் ஆரம்பித்து, உயரம் ஏற ஏற மழையும் வலுத்தது. அந்த அரங்கில் கூரை இருக்கைகளுக்கு மேல்தான், மைதானத்துக்கு இல்லை. இருக்கையில் ஆளே இல்லை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து கனத்துப்போய்த் தாண்டச் சிரமமாகிவிட்டது, இல்லாவிட்டால் தங்கமே கிடைத்திருக்கும் என்று பிறகு சொன்னார். 1.86-ல் நின்றது, வெள்ளி. அமெரிக்காவின் சாம் க்ரூ 1.88.

நிறைவு விழாவிலும் கொடி வேறு ஒருவரிடம் போனது, அவனி லெகரா. நீங்கள் டிவி முன் உட்கார்ந்ததில் தப்பில்லை ஐயா, அறிவிப்பு மாறியதே அன்றைக்குத்தான்.